விண்ணப்பமும் இலக்கியமும்

வேலைக்கு வேண்டிய கடிதம் எழுதத் தெரிந்தால் போதும். ஆங்கில இலக்கியம் எதற்கு என வினவுவோர் உளர். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

2000ஆம் ஆண்டில் மலேசிய இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இலக்கியம் ஒரு கூறாக இணைந்தது. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வு வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்களாயிற்று. எழுத்துத் தாளின் முதற்பகுதி, ஏறத்தாழ 80 சொற்களில் எழுதும் மடல்.

ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவந்த செமினியில், தோட்ட வீட்டை இழக்கும் பாட்டிக்காக ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் விண்ணப்பம் எழுதுகிறான் எனக் கொள்க. விளிப்பையும் முடிப்பையும் எழுத்துப் பயிற்சி தரும். பாட்டியின் இழப்பை அலுவலர் உணருமாறு உரைக்கும் சொல்லை எது தரும்? பிறர் துயரில் தன்னை நிறுத்திப் பார்க்கும் பழக்கமே தரும். அப்பழக்கத்தை வளர்ப்பது இலக்கியம்.

எனினும், கதைமாந்தர்க்காகக் கண்கலங்கிவிட்டு, அண்டை வீட்டார்க்கு ஒரு மனு எழுத இயலாதவன் கற்ற கல்வியும் குறையுடையதே. மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரையோ, தான் எண்ணாததைத் தன் எண்ணமாகக் காட்டும் பொய்ம்மை.

ஒரு கதையைக் கற்பித்தபின், அதில் வரும் எளியவர்க்காக ஒரு விண்ணப்பம் எழுதுமாறு ஆசிரியர் பணிப்பாராயின், நெஞ்சும் கையும் ஒருங்கே பயிலும்.