விடை சொல்லும் அறை

உயிரற்ற பொருளொன்று நமக்கு விடை சொன்னால் அவ்விடையை எவ்வளவு நம்பலாம்? 1969 ஏப்ரலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதை ஆராய்வோம்.

மைரன் குரூகர் என்பாரும் அவர்தம் நண்பர்களும் அங்கே இருண்ட கூடமொன்றை அமைத்தனர். சுவரோரம் ஒளிரும் துகள் கலந்த நீர்க்குழாய்கள். காலடியை உணரும் தரைப் பலகைகள். இவற்றை இணைக்க ஒரு கணிப்பொறி. ஒருவர் கால் வைத்ததும் ஒளி தோன்றிவிடாது. வேண்டுமென்றே தாமதம் புகுத்தியிருந்தனர். ஆதலின் எது தம்மால் விளைந்தது, எது தானே நிகழ்ந்தது என்பது வந்தவர்க்கு விளங்கவில்லை.

அவர்களோ சும்மா இருந்தாரில்லை. முன்பின் அறியாதோர் கூடிக் கைதட்டினர், ஒருமித்துக் குரலெழுப்பினர், சிலர் தாமே வழிகாட்டிகளாகி விளக்கம் சொல்லத் தலைப்பட்டனர். அறை மறுமொழி தரும் என்ற அறிவிப்பைக் கண்டு வந்த பலர், அது செய்யாததையும் செய்ததாகவே உறுதிகொண்டு வெளியேறினர். மூடநம்பிக்கை கண்ணெதிரே பிறந்ததைக் குரூகர் பின்னாளில் எழுதினார். அவர்களை எள்ளி நகையாட நாம் துணியோம். தேர்வன்று அணிந்த சட்டையை ராசியான சட்டையென்று போற்றுவோர் நம்மிடையே இலரா?

இதே மனத்திற்கு வேறொரு முகமும் உண்டு. 1970இல் அடுத்த காட்சிக்காக, ஏறத்தாழ ஒரு மைல் இடைவெளியிலிருந்த இரு கட்டடங்களைத் தொலைக்காட்சியால் இணைத்துக் குரூகரும் நண்பரொருவரும் பணியாற்றினர். திரையில் குரூகருடைய கையின் படம் நண்பர் கையின் படத்தின்மேல் பட்டது. நண்பர் உடனே கையை விலக்கிக்கொண்டார்! தோலை எதுவும் தீண்டவில்லை, கூச்சம் தீண்டிற்று. இதை மூடநம்பிக்கை என்று நாம் சொல்லமாட்டோம். படத்துக்கு அப்பால் மெய்யாகவே ஒரு மனிதர் இருந்தாரன்றோ?

அப்பால் ஆள் உண்டா, இல்லையா என்பதை வந்தவர் எப்படி அறிவார்? சொல்ல வேண்டியவர் அமைத்தவரே என்பது நம் கருத்து. 1206இல் நிறைவெய்திய தம் நூலில் அல்-ஜஸரீ ஒரு கைகழுவும் பொறியை விவரிக்கிறார். மயிலின் அலகிலிருந்து நீர் விழும். கழுவிய நீர் அடியில் சேர, மிதவை உயர்ந்து கதவு திறக்கும். நறுந்தூளுடன் ஒரு பதுமையும், பின்னர்த் துவாலையுடன் மற்றொன்றும் வெளிவரும். கைகழுவுபவர் கண்ணுக்கு மிதவை தெரியாது. ஆனால் பிற கைவினைஞர் செய்துபார்க்கும் வண்ணம் உறுப்புகளையெல்லாம் வரைந்து விளக்கி வைத்தார் அவர்.

இன்று கையை நீட்டினால் குழாய் நீர் சொரிகிறது. அதுபற்றி நமக்குக் கவலையில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி வீட்டுக்குள் வந்திருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. கேட்டதை அது எங்கே அனுப்புகிறது என்பதை, வாங்கியவர்க்கு விளங்கும் தமிழில் செய்தவர் சொல்லியாக வேண்டும். விருந்தாக வருபவரோ அதை வாங்கியவரும் அல்லர். அவர் சம்மதத்தை எவரும் கேட்டதுமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். சலாம் உரைத்து அமரவைத்த கையோடு அதையும் சொல்லிவிடலாம்.