ஊழியமும் ஒரு கழித்தல் கணக்கும்

பிளஸ் டூ முடித்த ஒரு பெண் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக விரும்பி, திருச்சபை நடத்தும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சேர்கிறாள். இரண்டு ஆண்டு டி.எல்.எட். பட்டயப் படிப்பு. அரசு நிறுவனத்தில் படிப்பவருக்கு என்ன பாடத்திட்டமோ அதுவேதான் அவளுக்கும். முடித்தபின் எழுதும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளிலும் வித்தியாசமில்லை: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று பிரிவுக்கு 30 வீதம் 150 வினாக்கள். அப்படியானால் அவளுடைய பயிற்சியில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது? காலை ஜெபம், வேதபாட வகுப்பு, கிறிஸ்துமஸ் ஆராதனை என்று பதில் வரும். அவை நல்லவையாகவே இருக்கட்டும்; ஆனால் அவை விடுதி வாழ்க்கையைச் சேர்ந்தவை, கற்பித்தலைச் சேர்ந்தவை அல்ல. ஒரு மதத்தின் பெயரால் ஆசிரியரை உருவாக்குகிறோம் என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனைதான் பொருந்தும் என்பது என் வாதம். அந்த விசுவாசம், தவறாகப் பதில் எழுதிய ஏழு வயதுக் குழந்தையின் நோட்டைத் திருத்தும்போது தெரிகிறதா இல்லையா என்பதே அது.

தொடக்கக் கல்விக்கும் இறையியலுக்கும் உள்ள உறவு மேலே ஒட்டவைத்த ஒன்றல்ல. மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1524-இல் ஜெர்மன் நகர சபைகளுக்குக் கடிதம் எழுதி, பள்ளிகளை ஏற்படுத்துங்கள் என்று மன்றாடினார். பிரசங்க வேலையை விடவேண்டி வந்தால் பள்ளி ஆசிரியர் வேலையையே விரும்புவேன் என்று 1530-இல் எழுதினார். துறவியின் வேலை மட்டுமல்ல, செருப்புத் தைப்பவரின் வேலையும் கடவுளின் அழைப்பே என்று சொன்னவர் அவர். குழந்தைகளுக்கென்றே படங்கள் நிறைந்த பாடநூலை 1658-இல் வெளியிட்ட கொமேனியஸ், மொராவிய சபையின் பேராயர். ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் கல்வி என்று அவர் வாதாடியதற்கு அடிப்படை, ஒவ்வொரு மனிதரும் கடவுளின் சாயல் என்ற நம்பிக்கை. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கும் தோழர்களும் பள்ளிகள் தொடங்கினார்கள். 1716-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் அங்கே ஏற்பாடு செய்தார்கள். பள்ளி இல்லாமல் வேதம் வாசிக்க ஆளில்லை என்ற கணக்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை.

நோட்டுக்கு வருவோம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் பல குழந்தைகள் 35 என்று எழுதும். சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். ஆனால் 35 கவனக்குறைவால் வந்த விடை அல்ல. 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்' என்று ஆசிரியரே முன்பு சொல்லிக்கொடுத்ததை அக்குழந்தை ஒன்றுகளின் இடத்திலும் நாணயமாகக் கடைப்பிடித்திருக்கிறது: 7-இலிருந்து 2 போக 5. எப்படிப் போட்டாய் என்று கேட்டு, அது சொல்வதை முழுக்கக் கேட்டு, பத்துப் பத்தாகக் கட்டிய நாலு குச்சிக்கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, 'இதிலிருந்து ஏழு குச்சி எடுத்துக் கொடு' என்றால் குழந்தை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்து நிமிடம் சின்ன விஷயமல்ல. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் 1942-இல் எழுதிய கட்டுரையொன்றில், பள்ளிப் பாடத்தின் உண்மையான பயன் கவனத்தை வளர்ப்பது என்றும், அந்தக் கவனம்தான் ஜெபத்தின் சாரம் என்றும், துன்பப்படும் அயலானை நேராகப் பார்க்கும் ஆற்றலும் அதிலிருந்தே வருகிறது என்றும் வாதிட்டார். அவர் மாணவர்களை நினைத்து எழுதினார். ஆசிரியருக்குத்தான் அது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பேன். ஒரு சிறு குழந்தையை நடுவில் நிறுத்தி, இதை ஏற்றுக்கொள்பவர் என்னை ஏற்றுக்கொள்கிறார் என்று இயேசு சொன்னதாகச் சுவிசேஷம் கூறுகிறது. வகுப்பறையில் அந்த ஏற்றல் என்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

இதைக் கடவுள் நம்பிக்கை இல்லாத ஆசிரியரும் செய்வாரே என்று கேட்கலாம். செய்வார், பலர் செய்கிறார்கள், ஜெபக்கூட்டம் தவறாத பலரைவிட நன்றாகவும் செய்கிறார்கள். வெய்லே ஞானஸ்நானம் பெறாமல் சபைக்கு வெளியே நின்றவர்தான். கவனம் கிறிஸ்தவரின் தனிச்சொத்து என்பது என் வாதமல்ல. மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு ஏன் அந்த ஐந்து நிமிடம் தரவேண்டும், அதனால் தேர்ச்சி விகிதமும் ஏறாது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள் என்ற கேள்விக்குத் தகுதித் தேர்வின் 150 வினாக்களில் இடமில்லை. அதை வெளிப்படையாகக் கேட்டு, தன் மரபிலிருந்து ஒரு பதிலையும் சொல்லக்கூடிய நிறுவனம் இருப்பது நல்லது. காந்திய ஆதாரக் கல்வி நிறுவனங்கள் தம் மரபிலிருந்து வேறொரு பதிலைச் சொல்லட்டும்.

மதம் பரப்புபவர்களையே இந்த நிறுவனங்கள் உருவாக்கும் என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் எவரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது, மைனர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இதைச் சபையினர் சிலர் தங்கள் ஊழியத்துக்குப் போட்ட வேலி என்று குறைப்படுவதுண்டு. குறைப்பட ஒன்றுமில்லை. கடவுளுக்கு நம் நற்செயல் தேவையில்லை, அயலானுக்குத்தான் தேவை என்பது லூதரின் போதனை. செருப்புத் தைப்பவர் நல்ல செருப்பாகத் தைத்தால் போதும், அதில் சிலுவை பொறிக்க வேண்டியதில்லை. கழித்தலைப் புரியவைத்ததே அந்த ஆசிரியையின் முழு ஊழியம். அதைத் தூண்டிலாக்கி வேறெதையோ பிடிக்கப் பார்த்தால் அவள் குழந்தையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறாள்.

ஆனால் வரலாறு இந்த வாதத்துக்குச் சாதகமாக மட்டும் இல்லை. பிரம்பைக் கையாளாதவன் மகனைப் பகைக்கிறான் என்ற நீதிமொழியைக் காட்டி அடித்த கிறிஸ்தவப் பள்ளிகள் உலகெங்கும் இருந்தன. பள்ளியில் அடிவிழக் கூடாதே என்று சிறுவனாகக் கடவுளிடம் மன்றாடியதையும், தான் பட்ட அடிகளைக் கண்டு பெரியவர்கள் சிரித்ததையும் திருச்சபைத் தந்தை அகஸ்டின் நாலாம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேயே தம் தன்வரலாற்றில் எழுதிவிட்டார். அதைப் படித்த சபைதான் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் அடித்தது. இந்திய அளவில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்தது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அதேபோல், தமிழகச் சபைகள் சில, சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்துதான் ஆராதித்தன. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் அந்த வேற்றுமையை விடச் சொன்னபோது தஞ்சையில் பலர் சபையையே விட்டு விலகினார்கள். ஆகவே வேதம் படித்தாலே ஆசிரியரின் கண் திறந்துவிடும் என்பது பொய். யார் முன்பெஞ்சில், யாரிடம் கேள்வி கேட்கிறோம், யாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புகிறோம் என்பதைப் பயிற்சி வகுப்பில் பாடக்குறிப்பேட்டோடு சேர்த்து வைத்துப் பேசவேண்டும். கிறிஸ்தவ நிறுவனம் இதைத் தன் பாவ அறிக்கையாகவே பேசலாம்; அதற்கு மரபில் இடமுண்டு.

கடைசியாக, பணம். இதைத்தான் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. ஊழியம் என்றால் சம்பளம் கேட்காதே என்று பொருள் கொள்வது நிர்வாகங்களுக்கு வசதியாக இருக்கிறது. அரசு நிதி இல்லாத பணியிடத்தில், நிர்வாகம் தரும் சொற்பச் சம்பளத்தில் காலத்தைக் கழிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பவர்களை யாக்கோபின் நிருபம் எவ்வளவு கடுமையாகச் சாடுகிறது என்பது பிரசங்கம் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. திருச்சபை நிர்வாகிகள் அடுத்த பட்டயமளிப்பு விழாவில் மாணவிகளுக்கு அர்ப்பணிப்பைப் போதிக்குமுன், தங்கள் சொந்தப் பள்ளிகளின் சம்பளப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.