துடைப்பமும் இயந்திரமும்

தெருக்குப்பையை அகற்ற இயந்திரம் சிறந்ததா, மனிதக் கை சிறந்ததா? பணக்கணக்குப் பார்த்து முடிவு செய்யப்படும் இக்கேள்வியை அறத்தின் தராசிலும் நிறுத்துப் பார்க்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இயந்திரத்தின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். மார்கழித் திருவாதிரையன்று ஆருத்ரா தரிசனம் காண நம் திருவாலங்காட்டில் பெருங்கூட்டம் கூடுகிறது. கூட்டம் கலைந்தபின் தெருவில் எஞ்சும் எச்சில் இலைகளையும் நெகிழிப் பைகளையும் எவரேனும் குனிந்துதான் அள்ள வேண்டும். முதுகு வலியும், புழுதி அடைத்த மூச்சும், கண்ணாடிச் சில்லு கிழித்த விரலும் குறிப்பிட்ட சில சமூகத்தாருக்கே உரியவை எனக் காலங்காலமாக நம் சமுதாயம் ஒதுக்கி வைத்துள்ளது. இத்துயரைக் குறைக்கும் கருவி எதுவாயினும் வரவேற்கத்தக்கதே. துப்புரவுப் பணி புனிதமானது என மேடையில் புகழ்ந்துவிட்டு, அதைப் பிறர் பிள்ளைகளுக்கே விட்டுவைப்பது அறமாகாது.

இனி இழப்பைப் பார்ப்போம். இங்கிருந்து மின்தொடர் வண்டியில் நம்மவர் நாள்தோறும் சென்றுவரும் சென்னையே அதற்குச் சான்று. 2000-ஆம் ஆண்டில் அந்நகரின் மூன்று மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி ஓனிக்ஸ் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள் மாறின, வண்டிகளும் பெருகின. சாலை பெருக்கும் இயந்திரம் அகன்ற சாலையோரத்து மணலை விரைவாக உறிஞ்சும். குறுகிய சந்துக்குள் நுழையாது. மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்து காம்பாக்டர் லாரியில் நசுங்கினால், பிறகு அவற்றைப் பிரிப்பது அரிது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலைபோல் குவிந்ததற்குப் பிரிக்காமல் கொட்டியதும் ஒரு காரணம்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவுபகலாக அமர்ந்து போராடினர். அவர்களுள் பெண்களே மிகுதி. ஆகஸ்டு 13 நள்ளிரவில் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அவர்கள் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. பணி தனியார்வசமானால் ஊதியம் குறையும், பணிப் பாதுகாப்புப் பறிபோகும் என்றே அஞ்சினர். இயந்திரமும் ஒப்பந்தமும் கைகோத்து வரும்போது, வண்டியால் மிச்சமாகும் பணம் யாரைச் சேர்கிறது என்பதே நம்முன் நிற்கும் அறக்கேள்வி.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணை எனப் போற்றினார். அதுவே அவனை வேலையிழக்கச் செய்து பகையாகவும் மாறக்கூடும் என எச்சரித்தார். உழைப்பின் மதிப்பு செய்யும் வேலையின் தரத்தில் அன்று, செய்யும் மனிதரின் மாண்பிலே தங்கியுள்ளது என்பது அவர்தம் போதனை. அவ்வாறாயின், துடைப்பம் ஏந்திய பெண்ணுக்கே வண்டி ஓட்டும் பயிற்சியும், குறையாத ஊதியமும், நிலையான பணியும் தரும் ஏற்பாடே நீதியான ஏற்பாடு. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தெருவைப் பளிச்சிடச் செய்வது தூய்மையாகாது.

நம் பங்கும் உண்டு. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. பழத்தோலையும் மருந்து ஊசியையும் ஒரே பையில் திணித்துத் தெருமுனையில் வீசுகிற நாம், திருப்பலியில் சமாதானம் பகிரும்போது யாருடைய கையை நினைக்கிறோம்? எத்தனை இயந்திரங்கள் வந்தாலும் அந்தப் பையை முதலில் தொடுவது இன்னும் ஒரு மனிதக் கைதான். அக்கையைக் காயப்படுத்தாதிருப்பது, நாசரேத்தூர்த் தச்சரைப் பின்பற்றும் நமக்குக் குறைந்தபட்சக் கடமையன்றோ!