கண்மாயில் கிடப்பது எது?

நாகலாபுரம் என்று சொன்னதுமே ஊர்ப் பெயருக்குள் ஒரு நாகம் படமெடுத்து நிற்பதாக வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். பெயர் ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அந்தக் கரிசல் சீமையில் சிறுவர்களாக வளர்ந்த எங்களுக்கு நாகம் பெயரில் இல்லை, கண்மாயில் இருந்தது. மடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சர்ப்பம் கிடக்கிறது. உச்சிவேளையில் தனியே இறங்கினால் காலைச் சுற்றி உள்ளே இழுத்துவிடும் என்று ஆச்சிமார் சொல்லுவார்கள்.

விந்தை என்னவென்றால், அங்கே வருஷம் முழுவதும் தண்ணீர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்து நிரம்பினால் உண்டு. சித்திரையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். "தண்ணி வத்திட்டா பாம்பு எங்க போகும் ஆச்சி?" என்று கேட்டிருக்கிறேன். "வெடிப்புக்குள்ள இறங்கிப் படுத்துக்கிடும்யா. மழை பேஞ்சா வெளிய வந்துரும்" என்பது பதில். கரிசல் வெடிப்பில் ஒரு முழுக் கம்பை விட்டுப் பார்த்தவன் அதை நம்பாமல் இருக்க முடியாது.

வற்றுகிற கண்மாய்க்கே இப்படியென்றால் வற்றாத ஏரிக்குக் கேட்பானேன்? ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரி சுமார் 230 மீட்டர் ஆழம். அதில் ஒரு பூதாகரமான பிராணி இருப்பதாக 1933-இல் பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின. மறுவருஷம் வெளிவந்த புகைப்படத்தில் நீண்ட கழுத்து ஒன்று தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அது பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின் மீது ஒட்டவைத்த கழுத்து என்பது 1994-இல் அம்பலமாயிற்று. 2018-இல் விஞ்ஞானிகள் ஏரித் தண்ணீரை அள்ளி, அதில் கரைந்திருந்த மரபணுத் தடயங்களை ஆராய்ந்தார்கள். ஊர்வன எதன் தடயமும் இல்லை. விலாங்கு மீனின் தடயம்தான் ஏராளமாக இருந்தது. பிராணியைத் தேடிப் போகிறவர்கள் இதனால் குறைந்துவிடவில்லை.

நெஸ் ஏரிப் பிராணிக்கும் பழைய டிராகன்களுக்கும் உறவு உண்டா என்று கேட்கிறார்கள். வம்சாவளி வரைந்து காட்ட முடியாது. ஆனால் குடும்ப ஜாடை இருக்கிறது. ரிக் வேதத்து விருத்திரன் தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடக்கும் பாம்பு. இந்திரன் அவனைக் கொன்றதும் ஆறுகள் பாய்கின்றன. சீனத்து டிராகனோ நீரில் வாழ்ந்து மழையைத் தருவது. அதை அவர்கள் கொல்லுவதில்லை, கொண்டாடுகிறார்கள். மழைக்காக வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தவனுக்கு இரண்டும் ஒரே பாம்பின் இரண்டு முகங்கள் என்று புரியும். நம் ஜனங்கள் அரசும் வேம்பும் சேர்ந்த நிழலில் பின்னிக்கிடக்கும் இரண்டு நாகங்களைக் கல்லில் வைத்து மஞ்சள் பூசிவிட்டார்கள். தண்ணீருக்கு உடையவன் ஒருவன் உண்டு என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது.

இப்போது எனக்குள்ள சங்கடத்தைச் சொல்லுகிறேன். ஆச்சி சொன்னது பொய். ஆனால் குழந்தை முழுகிப் போகாமல் காக்கிற பொய். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். பலர் இந்த இடத்தில் திருப்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். என் மனம் ஒப்பவில்லை. 'குற்றமற்ற' என்ற நிபந்தனையில்தான் முள் இருக்கிறது.

வண்டலும் கரம்பையும் அள்ளுவது பழைய வழக்கம். நிலத்துக்கு நல்லது, கண்மாய்க்கும் நல்லது. இயந்திரம் வைத்து அளவுக்கு மீறித் தோண்டுவது வேறு சமாசாரம். மழை பெய்ததும் பள்ளமும் மேடும் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் விளையாடுகிற பிள்ளை அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேலே தண்ணீர். விடுமுறை நாள்களில் இந்தச் செய்தி இல்லாத மழைக்காலம் அபூர்வம். கரையில் அழுதுகொண்டு நிற்பவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? 'அது காவு வாங்கிவிட்டது' என்கிறார்கள். பிள்ளையைக் காப்பதற்காகப் பிறந்த பாம்பு, பள்ளம் தோண்டியவனைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்கிறது. அவன் பெயரை யாரும் கேட்பதில்லை. பாம்பின் பெயரில் பொங்கல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

யமுனை மடுவின் தண்ணீரைக் குடித்த மாடுகளும் பிள்ளைகளும் மயங்கி விழுந்தபோது கண்ணன் செய்தது வேறு. மடுவுக்குள் குதித்துக் காளியனை நேருக்கு நேர் பார்த்தான். கொல்லவும் இல்லை, கடலுக்குப் போ என்று அனுப்பினான். பயந்து ஒதுங்கியிருந்தால் யமுனை இன்னும் விஷமாகத்தான் இருந்திருக்கும்.

பாம்புக் கதை போனதால்தான் கண்மாய்கள் பாழாயின என்று சில அன்பர்கள் வருத்தப்படுகிறார்கள். அப்படி அல்ல. அந்தக் காலத்தில் கண்மாயைக் காத்தது பாம்பும் அல்ல, பயமும் அல்ல. வீட்டுக்கு ஓர் ஆளாகப் போய்க் கரையைக் கட்டிய குடிமராமத்துதான். கதையைக் கொல்லச் சொல்லவில்லை. அது ராத்திரி நேரத்துக்கு எத்தனை நல்ல துணை! ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கட்டும். மண் அள்ள அளவு விதித்துத்தான் அனுமதி தருகிறார்கள். அனுமதி பெற்றவர் யார், அளவு எவ்வளவு என்பதைக் கரையில் எழுதி வைக்கலாம். நாகர் சிலைக்குப் பக்கத்திலேயே எழுதலாம். மஞ்சள் பூச வருகிற பெண்கள் ஒவ்வொரு வெள்ளியும் படித்துவிட்டுப் போவார்கள்.