கல்லறைத் தோட்டத்துக் களைகள்



நவம்பர் 2-ந் தேதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள் வருகிறது. அதற்கு முன்னதாகக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணவேண்டும். இவ்வருஷம் கூலியாட்களைக் கொண்டு வெட்டுவதற்குப் பதிலாகக் களைக்கொல்லி மருந்தை வாங்கித் தோட்டம் முழுவதும் அடித்துவிட்டால் செலவு குறையும் என்று பங்குச் சபையாரில் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "வண்ணத்துப் பூச்சிகளுக்காகவா, சாமி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆம், வண்ணத்துப் பூச்சிகளுக்காகத்தான். ஏன் என்பதை எல்லாரும் அறியவேண்டியது நியாயமாகையால் இங்கே எழுதுகிறேன்.

தேன் குடிப்பதற்கு வண்ணத்துப் பூச்சி பல பூக்களையும் நாடும். முட்டையிடும் காரியத்தில் அப்படியல்ல. தாய்ப்பூச்சி தன் முன்னங்கால்களால் இலையைத் தட்டி ருசி பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடிதான் என்று அறிந்த பிறகே முட்டை வைக்கும். அந்தச் செடி இல்லையானால் அந்தப் பூச்சியும் இல்லை. சிலவற்றுக்கு இரண்டொரு செடி வகைகளே கதி. வெந்தய வரியன் எருக்கிலையில் வளர்கிறது. சிவந்த உடலும் கறுத்த சிறகும் கொண்ட பெரிய பூச்சியொன்றுக்கு ஆடுதின்னாப்பாளை. ஆடும் தொடாத அந்தக் கசப்பையே அதன் புழு தின்று தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஆகையால் பறவைகள் அதைக் கொத்துவதில்லை. எருக்கின் பாலும் வெந்தய வரியனுக்கு அவ்விதமே காவல். நாம் விஷம் என்று ஒதுக்கியதைச் சர்வேசுரன் ஓர் அற்பப் புழுவுக்குக் கேடயமாக்கியிருக்கிறார்.

இடத்துக்கு இடம் செடி வேறாவதால் பூச்சியும் வேறாகிறது. வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் நம்பிச் சில. சாலையோரக் கொன்றையை நம்பிச் சில. நம் பக்கத்து முள்காடுகளிலே, ஒன்றுக்கும் உதவாது என்று நாம் கொளுத்திவிடும் ஆதண்டைக் கொடியையும் விழுதியையும் நம்பி வெள்ளையும் மஞ்சளுமாய் எத்தனையோ உண்டு. மலைச் சோலைகளிலோ, ஆறேழு அங்குல அகலமுள்ள பொன்னிறச் சிறகுப் பூச்சியைக் காணலாம். 2019-ம் வருஷம் நம் மாநில அரசு தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப் பூச்சியை மாநிலப் பூச்சியாக அறிவித்தது. அதன் புழுவுக்கு உணவு நீரடிமுத்து மரத்தின் இலை. அந்த மரத்து எண்ணெயைத்தான், நல்ல மருந்துகள் வருவதற்கு முன்னே, குஷ்டரோகிகளுக்குப் பூசியும் கொடுத்தும் வந்தார்கள். அது இந்தப் பூச்சிக்கும் தொட்டில் என்பது நம்மில் எத்தனைபேருக்குத் தெரியும்?

மரம் நட்டால் புண்ணியம் என்று எண்ணுகிறோம். எங்கே, எந்த மரம் என்பதையும் பார்க்கவேண்டும். பழனி மலைகளின் உச்சியிலிருந்த புல்வெளிகளை வெறுந்தரை என்று நினைத்துத் தைலமரமும் சீகையும் பைனும் நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று இருக்கிறது. ஆனால் புல்லைத் தின்று வளரும் பழுப்பு நிறச் சிறு பூச்சிகளுக்கு அது பாலைவனமே.

இனி கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். மேற்கு மலைகளில் மழை வலுக்குமுன் கருநிறப் பூச்சிகளும் நீல வரிப் பூச்சிகளும் கூட்டங்கூட்டமாய்க் கிழக்குச் சமவெளிக்கு இறங்குகின்றன; அக்டோபர், நவம்பரில் மலைக்குத் திரும்புகின்றன. நாம் மருந்தடிக்க நினைக்கும் நாட்களும் அவைகளே! வழியிலே கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய பூண்டுகளில் அவை மொய்ப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஊரில் காலி மனைகளெல்லாம் வீடாகிவிட்டன. வாய்க்கால் கரைகளுக்குச் சிமெண்டு பூசியாயிற்று. அந்தப் பூண்டுகளும் எருக்கும் ஆடுதின்னாப்பாளையும் மிச்சமிருப்பது நம் கல்லறைத் தோட்டத்துக் கீழ்ச்சுவர் ஓரத்தில்தான்.

கூட்டுப்புழு வண்ணத்துப் பூச்சியாவதை உத்தானத்துக்கு உவமையாகப் பிரசங்கிகள் சொல்வதுண்டு. நல்ல உவமைதான், ஆனாலும் முழுதும் பொருந்தாது. புழு கூட்டுக்குள் சாவதில்லை. அதன் பழைய உடம்பின் பெரும்பகுதி கரைந்துபோனாலும், சிறகாகவேண்டிய அணுக்கள் புழுப்பருவத்திலேயே உள்ளே ஒளிந்திருக்கின்றன. நம் மரித்தோர் மெய்யாகவே மரித்தார்கள். அவர்களை எழுப்புவது இயற்கையல்ல, ஆண்டவரின் வல்லமை. ஆகவே பூச்சியை உவமைக்காக மட்டும் நேசிக்கவேண்டியதில்லை. காட்டுப் புஷ்பங்களைப் பார்க்கச் சொன்ன ஆண்டவர் அவைகளைப் பார்க்கத்தானே சொன்னார்! பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் நிருபத்தில், நம்மால் அழிந்துபோகும் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் தங்கள் இருப்பினால் சர்வேசுரனை இனி மகிமைப்படுத்தமாட்டா என்றும், அதற்கு நமக்கு உரிமையில்லை என்றும் எழுதினார். அவர் எழுதியது தூரதேசத்துக் காடுகளை மட்டும் பற்றியதல்ல.

கல்லறை புதராய்க் கிடந்தால் மரித்தோருக்கு மரியாதையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாம்புப் பயமும் மெய்தான். ஆகையால் ஏற்பாடு இது: அவரவர் குடும்பக் கல்லறையைச் சுற்றி அவரவரே கையால் களை எடுக்கவேண்டும். நடைபாதைகளை வாலிபர் சங்கத்தார் வெட்டிவிடுவார்கள். கீழ்ச்சுவர் ஓரம் பத்தடி அகலத்துக்கு யாரும் வெட்டவேண்டாம்; உபதேசியார் கயிறு கட்டி வைப்பார். மருந்து எங்கும் அடிக்கலாகாது.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஆரம்பிப்போம். அரிவாளும் மண்வெட்டியும் கொண்டுவாருங்கள். எருக்கிலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியிட்ட புழுவைக் கண்டால் தட்டிவிடாதீர்கள்; பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்