முகம் காட்டாத மாணவன்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயின் பொருட்டு இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. விடுதியை விட்டு யட்டியாந்தோட்டைக்கும் பலாங்கொடைக்கும் திரும்பிய தோட்டத்துப் பிள்ளைகள் லயத்திலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று. அந்நாளில் விரிவுரையாளர் பலர் முறையிட்டனர்: மாணவர் கமெராவைத் திறப்பதில்லை, கறுப்புத் திரையைப் பார்த்தே பேசுகிறோம் என்று. முகம் காட்டும்படி கட்டாயப்படுத்த ஆசிரியருக்கு உரிமை உண்டா?

அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பாடம் விளங்கியதா என்பதை மாணவரின் கண்ணைப் பார்த்தே அறிந்து பழகியவர் அவர். பெயரை மட்டும் பதிந்துவிட்டு உறங்கப் போன மாணவரும் இருக்கத்தான் செய்தார்கள்.

ஆனால் லயக் காம்பராவுக்குள் சற்று நுழைந்து பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பால் வெட்டிவிட்டு வந்து படுத்திருக்கும் தகப்பன், அடுப்புப் புகை, பக்கத்துக் காம்பராவின் வானொலி. கமெராவைத் திறந்தால் இவை யாவும் வகுப்பு முழுவதற்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே விளக்கு. திரையிலோ அவனுடைய வறுமை அவனுக்கு முன்னே வந்து நிற்கின்றது. அவன் மறைத்தது தன் வீட்டையே. பெற்றோரின் வீட்டுக்காக வெட்கப்படலாமா என்று கேட்பீர்கள். ஆகாதுதான். ஆயினும் அந்த வெட்கத்தை அவன் தானே, தன் காலத்தில் வெல்ல வேண்டும். வரவுப் பதிவேட்டைக் காட்டி அதை உரித்தெடுக்கலாகாது.

அவ்வாண்டு ஆசிய அபிவிருத்தி வங்கி வெளியிட்ட ஆய்வின்படி, பதிலளித்த மாணவருள் ஏறத்தாழ 90 வீதமானோருக்கு இணையவழிக் கல்வி எட்டியது. பல்கலைக்கழகத் தளங்களுக்கு இணைய நிறுவனங்கள் கட்டணம் அறவிடாதது பெருந்துணையாயிற்று. நல்ல செய்திதான். சிக்னல் தேடித் தேயிலை மேட்டில் குடை பிடித்து நின்றவனிடம் அந்த வினாக்கொத்து போய்ச் சேர்ந்ததோ?

தொலைக்கல்வியே தீதென்று சொல்ல வரவில்லை. 1980இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே தூரத்தை எண்ணி அமைக்கப்பட்டது. பாடங்களை அச்சிட்டுக் கொடுத்தது; இடையிடையே பிராந்திய நிலையங்களுக்கு அழைத்து நேரிலும் கற்பித்தது. இரத்தினபுரியிலும் அதற்கொரு நிலையம் உண்டு. தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே பட்டம் பெற நினைக்கும் பெண்ணுக்கு அது வரப்பிரசாதம். அவள் தூரத்தைத் தானே தெரிந்தெடுத்தாள். 2020இல் நம் பிள்ளைகளுக்கோ அது விதிக்கப்பட்டது. மண்டபத்து விரிவுரை அப்படியே திரைக்கு மாறிற்று.

முகம் தெரியாவிட்டாலும் மாணவனை அறிய வழியுண்டு. வகுப்பு முடிவில் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லலாம். தனியே அழைத்து, "தம்பி, எங்கே இருந்து படிக்கிறீர்?" என்று கேட்கலாம்.