எவ்வளவு போதும்?

பந்தியில் உட்கார்ந்தவன்தான் ‘போதும்’ என்று மனமாரச் சொல்வான் என்பார்கள் பெரியவர்கள். பொன்னைக் கொடுத்தாலும் நிலத்தைக் கொடுத்தாலும் அந்தச் சொல் பிறப்பதில்லை. வயிறு தன் அளவைத் தானே சொல்லிவிடுகிறது. மற்றவற்றுக்கு அளவைச் சொல்வது யார்?

மிகச் சிறிய காரியம் ஒன்றுதான் என்னை இப்படிக் கேட்க வைத்தது. நான் கதை எழுதும் மடிக்கணினி 2012-இல் வெளிவந்த திங்க்பேட் டி430. கடைக்காரர்கள் ‘ராம்’ என்று சொல்லும் நினைவகம் அதில் 4 ஜி.பி. இருக்கிறது. இப்போதெல்லாம் அது தயங்கித் தயங்கி வேலை செய்கிறது. நினைவகத் தகடுகளைச் செருக இரண்டு இடங்கள் உண்டு; 16 ஜி.பி. வரை ஏற்கும்.

“பதினாறே போட்டுடுங்க சார், அப்புறம் கவலையே இல்லை” என்றார் பழுது பார்க்கும் இளைஞர். “பழைய சாமானுக்கு இன்னும் செலவா? பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்களேன்” என்றாள் என் மனைவி. கொள்ளும் மட்டும் நிரப்பு என்பது ஒரு கட்சி. பழையதைத் தள்ளு என்பது மற்றொரு கட்சி. உலகமே இந்த இரண்டு கட்சிகளாகத்தான் பிரிந்து நிற்கிறதோ என்று தோன்றியது.

நினைவகம் எழுதும் மேசையைப் போன்றது. வட்டு அலமாரியைப் போன்றது. மேசை நிறைந்துவிட்டால் சில தாள்களை அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டும்போது எழுந்து போய் எடுத்து வர வேண்டும். பழைய கணினியின் தயக்கம் பெரும்பாலும் இந்த நடைதான். மேசையைப் பெரிதாக்கினால் நடை மிச்சம். ஆனால், வேண்டிய தாள்கள் எல்லாம் மேசையில் அடங்கிய பிறகு, மிஞ்சிய வெற்றிடத்தால் எழுதுகிற கை வேகமாக ஓடிவிடாது.

ஆகவே, நான் வழக்கமாகத் திறந்து வைப்பதை எல்லாம் திறந்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். நான்கு ஜி.பி.யும் நிரம்பி, ஏறத்தாழ இரண்டு ஜி.பி. வட்டிற்கு வழிந்திருந்தது. தேவை ஆறு. இன்னொரு நான்கைச் சேர்த்தால் எட்டு. கை கால் நீட்டிக்கொள்ளக் கொஞ்சம் இடமும் இருக்கும்.

‘நாளைக்கு?’ என்றது மனம். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 95 கேட்ட குறைந்த அளவு 4 எம்.பி.; 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ஆயிரம் மடங்குக்கு மேல்! ஆனால், என் கணினியின் செயலியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதே இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸைக் கொண்டுதான் நான் காலம் தள்ளுகிறேன். பதினாறு போட்டாலும் இந்த நிலை மாறாது. நாளைக்கென்று சேர்க்கும்போது, அந்த நாளையைத் தடுத்து நிற்பது எது என்று பார்க்க வேண்டாமா? காசு குறையாத இடத்தில் காசைச் சேர்த்துக்கொண்டு, குறைந்த இடத்தைப் பாராமலே வாழ்ந்து முடிகிறவர்கள் எத்தனை பேர்!

அப்படியானால் பதினாறு பேராசையா? இல்லை. திரைப்படத்தைத் தொகுக்கிறவருக்கு அதுவும் போதாமல் போகலாம். பதினாறு என்ற எண்ணில் பேராசையும் இல்லை. எட்டு என்ற எண்ணில் துறவும் இல்லை. எண்ணுக்கும் செய்யும் வேலைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் பேராசை குடியிருக்கிறது. ஒரு சிறு தகட்டுக்குக் கணக்குப் பார்த்து, உழைக்கக்கூடிய பொருளைக் குப்பையில் எறிவதும் அதே தூரத்தின் மறு கரைதான். சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்த உலோகமும், பலருடைய உழைப்பும் அதோடு சேர்ந்தல்லவா குப்பைக்குப் போகின்றன?

‘போதும்’ என்பதை இயலாதவனின் சொல் என்று நினைக்கிறோம். உண்மையில், தன் வேலை இன்னது என்று அறிந்தவனுக்கே அது சொல்லக் கிடைக்கிறது. நான்கு ஜி.பி. தகடு ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டேன். இனி எழுத்து தயங்கினால், தயக்கம் என்னுடையது.